மலையில் கடல் வைத்திருந்தவர்

நாமக்கல்லைச் சேலத்திலிருந்து பிரித்துத் தனி ஜில்லா ஆக்கிய வருஷம் அது. இனிமேல் ஒரு மனுக் கொடுக்கச் சேலம் வரைக்கும் போக வேண்டாம் என்று மலையடிவாரத்தில் எங்கள் காரவள்ளி டீக்கடையில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் வேதமூர்த்தி ஐயா மலையேறி வந்தார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடந்தது மட்டும் மறப்பதில்லை. நான் சொல்வதை என் மருமகள் எழுதுகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை சோளத்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது மருமகள் செல்போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள். மதுரையிலிருந்து ஐயாவின் மகள் சாந்தி.

“மாரப்பண்ணா, அப்பா போயிட்டாரு.”

“எப்பக் கண்ணு?”

“வெடியக்காலம். தூக்கத்துலயே.”

“அம்மா?”

“ஒக்காந்திருக்காங்க.”

போனைக் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த தட்டையும் அடுக்கி முடித்தேன். இந்த வயதில் சாவுச் செய்தி வந்தால் கை நிற்பதில்லை. வேலை முடிந்து உட்காரும்போதுதான் அது வந்து பக்கத்தில் உட்காருகிறது.

ஐயாவை அறிந்தவர்கள் மலையிலும் அடிவாரத்திலும் இன்னும் சிலர் இருப்பீர்கள். பேர் மறந்திருக்கலாம், கப்பல்காரர் என்றால் தெரியும். சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மரகதம்மாவுக்கு ராசிபுரம் பக்கம். சொந்த பந்தத்துக்குக் கிட்டே இருக்கலாம் என்றுதான் அந்த அம்மா மலையில் வீடு கட்டச் சம்மதித்தார். சோளக்காட்டுக்குப் பக்கத்தில் மலை விளிம்பில் வீடு. நான் அதற்குக் கல்லும் மணலும் சுமக்கப் போனவன். வீடு முடிந்த பிறகும் அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டேன்.

வீட்டுக்குள் அவர் கடல் வைத்தார். கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கடல் தண்ணீர், கடல் பாறை, பாறைமேல் பவளப்பூச்சிகள், நடுவே நாலைந்து மீன்கள். பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கிற கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது உயிர் என்றும், பகலில் சுருங்கி விளக்கணைந்ததும் விரல் விரலாக விரிகிற உயிர் என்றும் அவர் வீட்டில்தான் பார்த்தேன். மலைமேல் ஒரு கூட்டம் ஊர்களை நாடு என்பார்கள்; பைல் நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் நடந்து வந்து பார்த்தார்கள். கடலைப் பார்க்காமலே கண்ணை மூடியிருக்க வேண்டிய கிழவர்கள் தொட்டிக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். கீழ்க்காட்டில் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, போட்டிருந்த பொன்னன் மட்டும் ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு நக்கிவிட்டு, “ஏனுங்க, இம்புட்டு உப்பப் போட்டுக் கெடுத்து வெச்சிருக்கறீங்களே, கொழம்புக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது,” என்றான். ஐயா சிரித்தார். பொன்னனுக்கு அன்று முதல் அந்த வீட்டில் டீ உண்டு.

பார்ப்பவர்களுக்கு அது அழகு. எனக்கும் மரகதம்மாவுக்கும் அது வேலை. கடல் தண்ணீர் லாரியில் டிரம் டிரம்மாகக் கொண்டை ஊசி வளைவெல்லாம் தளும்பிக்கொண்டு வரும். இறக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், ஊற்ற வேண்டும். மார்கழிக் குளிரில் தொட்டி சில்லிட்டால் பவளம் செத்துவிடும் என்று ஹீட்டர் போட வேண்டும். சித்திரையில் விளக்குச் சூட்டில் தண்ணீர் காய்ந்தால் விளக்கை அணைக்க வேண்டும். வற்றுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். “கடலுக்கு லீவு கிடையாது மாரப்பா,” என்பார். எங்களுக்கும் இல்லை.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெட்டி வாங்கினார். கூடக் கப்பலில் இருந்த நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. சாமிப் படம் அளவுதான் இருக்கும். முகத்தில் சிவப்பாக எண்கள் ஓடும். அதிலிருந்து இரண்டு குச்சிகள் வயரோடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். தண்ணீரின் சூடு என்ன, குணம் என்ன என்று அந்தக் குச்சிகள் பெட்டிக்குச் சொல்லும். ஹீட்டரா, விளக்கா, பம்ப்பா, எதைப் போடுவது எதை அணைப்பது என்று பெட்டி தானே முடிவு செய்யும். “கருவி பொய் சொல்லாதுப்பா. நாமதான் அது சொல்றதைக் கேக்க மாட்டோம்,” என்று புதுப் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்.

வேலை குறையும் என்றார். கூடியது. மலையில் கரண்ட் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் மங்கும். பெட்டிக்கு அது ஆகாது என்று ஸ்டெபிலைசர் வந்தது. ஸ்டெபிலைசர் போதாது என்று லாரி பேட்டரி வந்தது. குச்சிகளில் பாசி படிந்தால் கணக்குத் தப்பும் என்று அதைக் கழுவ வேண்டும். இடி இடித்தால் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். மரகதம்மா தாளித்துக்கொண்டே சொல்வார்: “மாரப்பா, பொட்டிக்கு என்ன வேணும்னு கேளு. அதுக்கு ஆக்கிப் போட்டுட்டு அப்பறம் நாம திங்கலாம்.”

அந்த அம்மாவின் பொறுமை எங்கே அறுந்தது என்று எனக்குத் தெரியும். ராசிபுரத்தில் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பட்டுச்சேலை கட்டி, காரில் ஏறி, நானும் சீர்த்தட்டோடு முன்னால் உட்கார்ந்து மலை இறங்கினோம். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தால் வீட்டு ஜன்னல் தெரியும். தொட்டியின் நீல வெளிச்சம் பகலிலும் மினுக்கும். அன்று வெளிச்சம் இல்லை.

“நிறுத்துப்பா,” என்றார் ஐயா டிரைவரிடம். “வண்டியைத் திருப்பு.”

மரகதம்மா கதவைத் திறந்து இறங்கினார். வளைவின் சுற்றுச்சுவரில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்தார். “நான் வரலீங்க. நீங்க போயி உங்க கடலைப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். கொரங்கு தொணைக்கி இருக்குது.”

போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. தண்ணீர் சூடேறியதால் பெட்டி விளக்கை அணைத்திருக்கிறது. “சரியாத்தான் பண்ணியிருக்கு!” என்று ஐயாவுக்குச் சந்தோஷம். திரும்பி வந்தபோது முகூர்த்தம் தப்பிவிட்டது. அந்த அம்மா அழவில்லை, கத்தவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்: “எம்பொண்ணு ஒரு நாளைக்கி உண்டாவா. அவளப் பாக்கப் போறப்பவும் இப்பிடித் திரும்புனீங்கன்னா நான் தனியா எறங்கிப் போயிருவேன். அப்பறம் இந்த மலைக்கி ஏற மாட்டேன்.” அந்த அம்மா சொன்னதைச் செய்கிறவர் என்பது ஐயாவுக்கும் எனக்கும் தெரியும்.

சாந்தி உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் இந்த வளைவுகளில் நிறைமாசப் பெண்ணை ஏற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? மதுரையிலேயே வைத்துக்கொள்ளட்டும், நாம் போய்விடலாம் என்று பேச்சு. தை மாதம் நாள் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டரெல்லாம் புது வருஷத்தன்று நின்றுவிடும் என்று டிவியில் பயமுறுத்திக்கொண்டிருந்த சமயம். பொன்னன் வந்து, “உங்க பொட்டி செத்துச்சுன்னா சொல்லியுடுங்க, நாங்க வந்து பாடை கட்டறோம்,” என்றான். புது வருஷம் பிறந்தது, பெட்டி சாகவில்லை. ஐயாவுக்கு அதன்மேல் நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது.

கிளம்புவதற்கு முன்னால் கூரைமேல் ஒரு மணி பொருத்தினார். பழைய கப்பல் மணி, கரண்டில் அடிப்பது. பேட்டரியோடு இணைத்தார். தொட்டியில் ஏதாவது கெட்டுப்போய்ப் பெட்டியால் சமாளிக்க முடியவில்லை என்றால் மணி அடிக்கும். “நீயும் ஊட்டுக்குப் போ மாரப்பா. பொங்கலுக்குப் புள்ளைகளோட இரு. பெட்டி பாத்துக்கும். முடியலைன்னா மணி அடிக்கும். மணி அடிச்சா ஊரே ஓடி வந்துரும்,” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் மனதில் இருந்த ஊர் கப்பல்; அங்கே மணி அடித்தால் ஆள் ஓடி வரும்.

கார் அந்த வளைவுக்கு வந்தபோது மரகதம்மா ஜன்னலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தார். ஐயா திரும்பிப் பார்த்தார். வெளிச்சம் இருந்தது. “போலாம்,” என்றார். நான் காரவள்ளியில் இறங்கிக்கொண்டேன்.

மலையில் குச்சிக்காட்டுக்குப் பன்றி வரும். அதை விரட்ட ஓடைத் தண்ணீரை ஒரு மூங்கிலில் விடுவார்கள். மூங்கில் நிறைந்து கவிழும்போது மறுமுனை போய்த் தகரத்தை அடிக்கும். ஆள் இல்லாமல் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்கிற வரைக்கும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். சத்தம் நின்றால்தான் ஓடுவார்கள்: மூங்கில் அடைத்துக்கொண்டது, இல்லையென்றால் பன்றி தள்ளிவிட்டது என்று அர்த்தம். அங்கே அதுதான் பழக்கம். ஐயாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அதையும் இதையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து காற்றில் ஒரு மரக்கிளை கரண்டுக் கம்பிமேல் விழுந்திருக்கிறது. ஹீட்டர் நின்றது. தண்ணீர் குளிர்ந்தது. பெட்டி செய்ய வேண்டியதைச் செய்தது. மணி அடித்தது. கீழ்க்காட்டில் பொன்னனும் அவன் பெண்டாட்டி பாப்பாத்தியும் கேட்டார்கள். “கப்பல்காரரு நம்ம காட்டுக்கும் சேத்து மணி கட்டிட்டுப் போயிருக்கறாருடோய்! மவராசன் நல்லாருக்கோணும்,” என்று பாப்பாத்தி கும்பிட்டாளாம். அன்று ஒரு பன்றியும் இறங்கவில்லை. பகலெல்லாம், ராவெல்லாம் அடித்தது. அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

விடியும்போது பேட்டரி தீர்ந்து மணி நின்றது. பொன்னன் ஓடினான். ஜன்னலில் பார்த்தான், வீடு இருட்டாக இருந்தது. முதல் பஸ் பிடித்துக் காரவள்ளிக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

“மாரப்பா, கப்பல்காரரு மணி நின்னு போச்சு!”

“அடிச்சுதா?”

“நேத்துப் புடிச்சு அடிச்சுது. நல்லாத்தான் அடிச்சுது. இப்ப நின்னு போச்சு, அதான் ஓடியாறேன். வா, வா.”

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அவனை என்னவென்று திட்டுவது? செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கதவைத் திறந்ததும் நாற்றம். சிவப்பும் ஊதாவுமாக இருந்த பவளமெல்லாம் எலும்புபோல வெளுத்துக்கிடந்தது. இரண்டு மீன் மட்டும் அடியில் படுத்துச் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. சோளக்காட்டு டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். சாந்தியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் பூத்துக்காரர் போட்டுக் கொடுத்தார். ஐயா லைனில் வந்தார். சொன்னேன்.

“கையை உள்ள விட்டுப் பாத்தியா?”

“பாத்தேனுங்க. ஓடைத் தண்ணியாட்டம் இருக்குதுங்க.”

ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

“இப்பக் கார் ஏறுனா சாயங்காலம் வந்துருவேன்,” என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

“வந்துருங்க ஐயா. இன்னும் கொஞ்சம் உசுரு இருக்குது. மீனு அசையுதுங்க.”

அப்போது அவருக்குப் பக்கத்தில் மரகதம்மாவின் குரல் கேட்டது. “ஏனுங்க, புள்ளைக்கி வலி எடுத்துருச்சு. யாருங்க போன்ல?”

“மாரப்பன்,” என்றார் ஐயா. “பொங்கலு நல்லாப் போச்சான்னு கேக்கறான்.”

அந்த அம்மா போகிற வரைக்கும் காத்திருந்தார் போலிருக்கிறது. அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்: “நான் வரலைப்பா. நீ பண்ணு. நான் சொல்றதைக் கேளு. இங்க யாருக்கும் சொல்லாதே.” வெந்நீர் வைத்துப் பாட்டில்களில் ஊற்றி, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்கவிடச் சொன்னார். ஆறினால் எடுத்து மறுபடி ஊற்ற வேண்டும். கரண்ட் வருகிற வரைக்கும்.

பாப்பாத்தி நெல் அவிக்கிற அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினோம். அரியூர் நாட்டிலிருந்து அவளுடைய சொந்தக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களும் பாட்டில் தேடிக் கிளம்பினார்கள். எண்ணெய்ப் பாட்டில், டானிக் பாட்டில், சாராயப் பாட்டில் என்று எதெதுவோ வந்தது. “பெத்தவளுக்குக்கூட நான் இப்பிடி வெந்நி வெச்சு ஊத்தல,” என்றாள் ஒருத்தி. “உம்மாமியாளுக்கு ஊத்துனியே, கொதிக்கக் கொதிக்க!” என்றாள் பாப்பாத்தி. பொன்னன் சிரிக்கவில்லை. அவனிடம் மணி எதற்கென்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். பாட்டிலைக் கழுவிக் கழுவிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். இடுப்பு விட்டுப்போகிற வரைக்கும் எல்லோரும் செய்தோம். பொழுது சாய்ந்தபோது கரண்ட் வந்தது. அந்த இரண்டு மீனும், தோல்போல இருக்கிற ஒரு பழுப்புப் பவளமும் பிழைத்தன. மற்றதெல்லாம் போயிற்று. மதுரையில் பெண் குழந்தை பிறந்திருந்தது.

பேத்தியின் தீட்டுக் கழிந்த பிறகு ஐயா தனியாகத்தான் வந்தார். மரகதம்மா மகளோடு இருந்துவிட்டார். ஐயா தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பொன்னன் வாசலிலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

“மணி அடிக்கறப்பவே ஏன் பொன்னா வரலை?”

“அடிக்கற மணிக்கி என்னத்துக்குங்க வரோணும்? நின்னதும் வந்துட்டனுங்களே.”

ஐயா அவனையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கருவி பொய் சொல்லலை. யாருகிட்டச் சொல்லுதுன்னு நான்தான் பாக்கலை,” என்றார். மறுநாள் கூரையிலிருந்து மணியை இறக்கினார். பெட்டியின் வயரை மாற்றிப் போட்டார். ஒரு சின்னச் சுத்தியும் ஒரு தகரமும். தொட்டி நன்றாக இருக்கிற வரைக்கும் பெட்டி அதை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். ஏதாவது கெட்டால் தட்டாது. “இது நின்னா வாங்க,” என்றார் பொன்னனிடம். “இதச் சொல்லோணுமுங்களா?” என்றான் அவன்.

மரகதம்மா திரும்பி வந்ததும் சண்டை. “இதென்னங்க ராவும் பகலும் டொக்கு டொக்குன்னு? மனுசி தூங்கறதா வேண்டாமா?”

“நீ நெனச்சப்பக் கீழ போறதுக்குத்தான்.”

அதற்கப்புறம் அந்த அம்மா நினைத்தபோதெல்லாம் மதுரைக்குப் போனார்கள், இரண்டு பேரும். அந்த வளைவில் கார் நின்றதை நான் மறுபடி பார்க்கவில்லை. சத்தம் நின்றபோதெல்லாம் யாராவது போய்ப் பார்த்தார்கள். வயர் கழன்றிருக்கும், எலி கடித்திருக்கும். பழைய நிறம் தொட்டிக்குத் திரும்பி வரவில்லை. கடலிலிருந்து பவளம் எடுக்கக் கூடாது என்று சட்டமும் வந்துவிட்டது. அந்தப் பழுப்பு ஒன்றுதான் பெருத்துத் தொட்டியை நிறைத்தது. ஐயாவுக்கு முட்டி போயிற்று, எனக்கு இடுப்பு. டிரம் இறக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டோம். மூச்சு மிச்சம் பிடிக்கத்தான்.

மகளோடு போய்விடுவது என்று முடிவானதும் மீனையும் பவளத்தையும் ஒரு நண்பர் வந்து எடுத்துப் போனார். ஐயா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். நான் தண்ணீரை இறைக்கத் தொடங்கியபோது வாசலில் ஆள் கூட்டம். பொன்னன் மண்வெட்டியோடு, பாப்பாத்தி ஈரக்கையோடு, மேட்டுக்காட்டு ஆட்கள் பாதிப்பேர்.

“என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்லம்மா. நிறுத்திட்டேன்.”

“நிறுத்தறதச் சொல்லிப்போட்டு நிறுத்தக் கூடாதுங்களா? ஓடியாந்து நெஞ்சு அடைக்குது!” என்று பாப்பாத்தி சத்தம்போட்டாள். ஐயா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அவர் அப்படிக் கும்பிட்டு வேறெங்கும் பார்த்த நினைவில்லை.

அவர் கடலையும் பெட்டியையும் பற்றிச் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். நான் வைத்துக்கொள்வது அந்தப் பூத்தில் கேட்ட ஒரு பொய். தான் உயிராக வளர்த்தது செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், மனைவி காதில் விழாமல் அதை விழுங்கிக்கொண்டு, பொங்கல் நல்லாப் போச்சா என்று நான் கேட்டதாகச் சொன்னாரே, அது. பேத்தி பிறந்த பிறகுதான் சேதி வந்தது என்று கடைசி வரைக்கும் அந்த அம்மாவை நம்பவைத்திருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. இனிச் சொல்லலாம். சாந்திக் கண்ணு, அம்மாவுக்கு இதை நிதானமாகப் படித்துக் காட்டு.

பொன்னன் போய் நாளாகிவிட்டது. பாப்பாத்தி போன ஐப்பசியில் போனாள். பூத்துக்காரர் இல்லை. இப்போது ஐயா. அன்றைக்குப் போனின் அந்தப் பக்கம் நின்றவர்களில் உயிரோடு இருப்பது, யாருங்க போன்ல என்று கேட்டுவிட்டு மகளிடம் ஓடிய மரகதம்மா மட்டும்தான்.